அர்வரி ஆறு மீண்ட வரலாறு

ஆறுகள் தோன்றிய கதையைப் புராணங்கள் கூறும். பகீரதன் தவமிருந்து கங்கையைக் கொணர்ந்தான். அகத்தியர் கமண்டலத்தைக் காகம் கவிழ்க்கக் காவிரி பெருகிற்று. இவற்றையெல்லாம் நாம் பாட்டிமார் மடியிலேயே கேட்டுவிட்டோம். ஆனால் இருந்த ஆறு ஒன்று மறைந்து, மறைந்தது நம் காலத்திலேயே மீண்டும் ஓடிய வரலாறு ஒன்று உண்டு. அதைக் கேட்டவர் நம் காலனியில் மிகச் சிலரே இருப்பர். அந்த ஆற்றின் பெயர் அர்வரி. அது ராஜஸ்தான் மாநிலத்தில் அல்வர் மாவட்டத்தைச் சேர்ந்தது.

தில்லிக்கும் ஜெய்ப்பூருக்கும் இடையே இருப்புப்பாதையில் சென்றவர்கள் அல்வர் நிலையத்தைக் கடந்தே இருப்பர். பெயரை முதன்முறை கேட்கும் தமிழர்க்கு அது ஆழ்வார் என்றே காதில் விழும். எங்கள் அலுவலகத்திலேயே இவ்வேடிக்கை பலமுறை நடந்ததுண்டு. அவ்வூரின் பால்கேக்கைக் குழந்தைகளும் அறிவர். நிலையத்துக்குத் தென்மேற்கே தெரியும் மலைகளுக்கு அப்பால் என்ன நடந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

அம்மலைகள் அராவலித் தொடரைச் சேர்ந்தவை. உலகின் மிகப் பழைய மலைகளுள் வைத்து எண்ணப்படுபவை. ஆதலால் தேய்ந்து, குட்டையாய், பாறை தெரிய நிற்பவை. அங்கே ஆண்டுக்குப் பெய்யும் மழை சுமார் 600 மில்லிமீட்டர்தான். நம் தென்னாட்டில் ஒரு பருவமழை பொய்த்தாலும் மற்றொன்று வரும் என்று காத்திருக்கலாம். அங்கே அவ்வாறன்று. ஜூலை முதல் செப்டம்பர் வரை பெய்வதே மழை. அதிலும் பெரும்பகுதி சில நாட்களில் கொட்டித் தீர்ந்துவிடும். வெறும் பாறைமேல் கொட்டிய நீர் சில மணி நேரத்தில் பள்ளத்தாக்கை அரித்துக்கொண்டு ஓடிவிடும். பிறகு ஒன்பது மாதம் வானத்தைப் பார்த்திருக்க வேண்டியதே.

இதை அங்குள்ள முன்னோர் அறியாதவர் அல்லர். அவர்கள் கண்ட வழிக்கு ‘ஜோஹட்’ என்று பெயர். சரிவான நிலத்தில் மழைநீர் ஓடிவரும் திசைக்குக் குறுக்கே, பிறைச்சந்திரன் வடிவில் மண்கரை எழுப்புவர். மேட்டுப்பக்கம் திறந்திருக்கும், மிகுந்த நீர் வழிந்தோட ஓரத்தில் வாய்க்கால் ஒன்று விடுவர். நம் நாட்டுத் தாங்கலையும் ஏந்தலையும் கண்டவர்க்கு இவ்வமைப்பு புதிதன்று. ஆனால் ஒரு வேற்றுமையைக் கவனிக்க வேண்டும். நம் ஏரியின் நோக்கம் மதகு வழியே வயலுக்கு நீர் பாய்ச்சுதல். ஜோஹட்டுக்குப் பெரும்பாலும் மதகு இல்லை. ஆடுமாடுகள் குடித்தது போக எஞ்சிய நீர் மண்ணுக்குள் இறங்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். வெயிலில் ஆவியாகிப் போகும் இடத்தில் நீரை வைக்காமல், பாறை வெடிப்புகளுக்குள் அனுப்பிவைத்து, கிணற்றின் வழியே திரும்பப் பெறுவது. பணத்தைப் பெட்டியில் வைக்காமல் சேமிப்பு வங்கியில் இடுவதைப் போன்றது எனலாம்.

நீருக்கு ஜோஹட் போல மரத்துக்கு ‘பனி’ இருந்தது. இது நம் மார்கழிப் பனியன்று. காட்டைக் குறிக்கும் அந்நாட்டுச் சொல். தெய்வத்துக்கு விடப்பட்டது தேவபனி. அதில் கோடரி நுழையாது. ஊர் எல்லையில் பல ஊராரும் கூடிக் காத்தது காகட்பனி. வறட்சிக் காலத்தில் மட்டும் ஆடுமாடுகளுக்குத் திறந்துவிட ஒதுக்கிய காடு ரகத்பனி. அம்மலைகளுக்கே உரிய தோக் மரம் (நம் வெக்காலிக்கு உறவு), பிசின் தரும் சலார், பலாசம், இலந்தை முதலியன அவற்றில் செழித்திருந்தன. மலைமேல் மரம் இல்லையேல் கீழே ஜோஹட் மண்மூடிப் போகும். ஜோஹட் இல்லையேல் மரத்தின் வேருக்கு ஈரம் இராது. இவ்விரண்டையும் ஒன்றாகவே அம்மக்கள் கருதினர். இலாகாக்கள் வந்த பின்னரே நீர் வேறு, காடு வேறு ஆயிற்று.

வீழ்ச்சி ஒரே நாளில் வந்ததன்று. அல்வர் சமஸ்தானத்தில் நல்ல காடுகள் மன்னரின் வேட்டைக்கென ஒதுக்கப்பட்டன. ஊராரின் உரிமை சுருங்கிற்று. தமதென்று கருத இயலாத காட்டை யார் காப்பார்? பிறகு 1940-களில், சமஸ்தானங்களின் காலம் முடியப்போகும் தறுவாயில், மரம் பெருமளவில் வெட்டி விற்கப்பட்டது. 1948-இல் அல்வர், மத்ஸ்ய யூனியனில் சேர்ந்தது. 1949-இல் அது பெரிய ராஜஸ்தானத்துடன் இணைந்தது. ஆட்சி மாறிற்று, வழுக்கை மலை மாறவில்லை. குளம் தூர்வாருதல் இனி அரசாங்கத்தின் வேலை என ஊரார் எண்ணினர். ஊராரின் சிறு குளங்கள் அரசாங்கத்தின் ஏட்டில் இடம்பெறவே இல்லை. நம் சென்னை ராஜதானியிலும் குடிமராமத்து நலிந்த கதை இத்தகையதே அன்றோ! அங்கே 1858-இல் சட்டம் போட்டு ஊராரை வேலைக்கு இழுக்க முயன்றனர். போன வழக்கம் சட்டத்துக்கு அஞ்சித் திரும்பி வரவில்லை.

1980-களில் தானாகாஜி வட்டாரம் நிலத்தடி நீர் வற்றிய ‘இருண்ட மண்டலம்’ என்று அரசாங்க ஏடுகளில் குறிக்கப்பட்டிருந்தது. அர்வரி என்பது வரைபடத்தில் கோடாகவும், தரையில் மணலாகவும் கிடந்தது. ஆண்கள் தில்லிக்கும் ஜெய்ப்பூருக்கும் அகமதாபாதுக்கும் கூலிக்குப் போயினர். ஊரில் பெண்டிரும் முதியோரும் குழந்தைகளுமே எஞ்சினர். ஒரு குடம் நீருக்கும் ஒரு கட்டு விறகுக்கும் நாளின் பெரும்பொழுது கழிந்தது. பெண் குழந்தை பள்ளிக்குச் செல்வதெங்ஙனம்? ஊரைவிட்டுப் பிழைக்க வந்தவர் நாமும் ஆதலால், கிணறு வற்றிப் புறப்படுபவன் மனம் எத்தகையது என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

நிற்க. 1985-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், காந்தி ஜயந்தியன்று, ஜெய்ப்பூரிலிருந்து புறப்பட்ட இளைஞர் ஐவர் கிஷோரி என்னும் சிற்றூரில் பேருந்தை விட்டிறங்கினர். தருண் பாரத் சங்கம் என்னும் சிறு அமைப்பின் தொண்டர் அவர்கள். ஆயுர்வேதம் கற்ற ராஜேந்திர சிங் அவர்களுள் ஒருவர். மருந்து கொடுப்பது, எழுத்தறிவிப்பது என்பதே அவர்கள் கொண்டுவந்த திட்டம். அந்நியரைக் கண்ட ஊரார் முதலில் ஐயுற்றனர். சில காலம் சென்றபின் கோபால்புராவின் பெரியவர் ஒருவர், எங்களுக்கு வேண்டுவது உங்கள் மருந்துமன்று, படிப்புமன்று, தண்ணீர். மண்வெட்டி எடுக்க முடியுமானால் இருங்கள் என்ற கருத்தில் பேசி, தூர்ந்துபோன ஜோஹட்டைக் காட்டினார் என்பர்.

இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். பட்டணத்திலிருந்து தொண்டு செய்ய வருபவர் தாம் கொண்டுவந்ததைக் கொடுத்துவிட்டுச் செல்வதே உலக வழக்கு. கொண்டுவந்ததை ஒதுக்கிவைத்து, கேட்டதைச் செய்ய மண்வெட்டி எடுத்தனரே, அதுவே இவ்வரலாற்றின் திருப்பம் என்று நான் கருதுகிறேன். எவ்விடத்தில் கரை போட்டால் நிற்கும், எந்த மண் நீரை விழுங்கும், எங்கே பாறை வெடித்திருக்கிறது என்பன ஊர்ப் பெரியவர்களுக்கே தெரிந்திருந்தன. பொறியாளர் எவரும் அங்கில்லை.

கோபால்புராவில் வேலை தொடங்கியது வறட்சிக் காலம். தோண்டிய பள்ளத்தில் அடுத்த மழையில் நீர் நின்றது. அருகிருந்த கிணறுகளில் ஊற்றுக் கண் திறந்தது. செய்தி மலைகளுக்கு அப்பால் பரவிற்று. ஆயினும் முதலில் வந்தது பாராட்டன்று, நோட்டீஸ். 1954-ஆம் ஆண்டின் ராஜஸ்தான் நீர்ப்பாசன, வடிகால் சட்டத்தைக் காட்டி, ஓடிவரும் நீரை அனுமதியின்றித் தடுத்தது குற்றம் என்றனர் நீர்ப்பாசன இலாகாவினர். அரசு நிலத்தில் மரம் நட்டதற்கு வருவாய் இலாகாவினர் அபராதம் விதித்தனர். கோப்புகளோடு நாள் கழிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: விதிப்படி பார்த்தால் அவர்கள் எழுதியது பிழையன்று. வானிலிருந்து விழும் மழை, நிலத்தைத் தொட்ட மறுகணம் யாருக்குச் சொந்தம் என்ற வினாவுக்கு விடையை அச்சட்டம் முன்னரே எழுதி வைத்துவிட்டது.

அர்வரியின் தலைப்பகுதியில் பாவ்தா, கோல்யாலா என இரண்டு சிற்றூர்கள் அடுத்தடுத்து உள்ளன. கோபால்புராவைக் கண்டு 1980-களின் பிற்பகுதியில் இவ்வூரார் தாமும் முனைந்தனர். வேலை முறை இதுவே: முதலில் ஊர் கூடும், இடத்தையும் அளவையும் ஊரே முடிவு செய்யும், செலவில் ஒரு பங்கை ஊரார் உழைப்பாகவோ கல்லாகவோ மண்ணாகவோ தருவர், எஞ்சியதற்குச் சங்கம் பொருள் தேடும். முழுவதையும் இலவசமாகக் கட்டித் தருவதில்லை. தம் முதுகில் மண் சுமந்து எழுப்பிய கரை உடைந்தால் நள்ளிரவிலும் ஓடிவருவர். பிறர் கட்டித் தந்த கரை உடைந்தால் மனு எழுதுவர். மண் சுமந்தவருள் பெண்டிரே மிகுதி. குடம் சுமந்து கடந்த தூரம் எவ்வளவு என்று அறிந்தவர் அவர்களே அல்லரோ!

ஆற்றை மீட்போம் என்று அவர்களுள் எவரும் புறப்படவில்லை என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. ஒவ்வோர் ஊரும் தன் கிணற்றுக்காகவே தோண்டிற்று. மேட்டில் ஒன்று, நடுவில் ஒன்று, பள்ளத்தில் ஒன்றாக ஆண்டுதோறும் பெருகிய கரைகளுக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாமல் நிலத்தின் வயிறு நிறைந்து வந்தது. 1990-இல் மழை நின்ற பின்னும் சில வாரங்கள் மணலில் நீர் ஓடக் கண்டனர். பின்னர் அவ்வோட்டம் ஆண்டுக்காண்டு நீண்டது. 1995-இல் ஆறு கோடையிலும் நிற்கவில்லை. அப்போது நீர்ப்பிடிப்பு நிலம் முழுவதிலும் இருந்த ஜோஹட்டுகளும் தடுப்பணைகளும் 375 என்று கணக்கிட்டனர். ஆற்றின் நீளம் சுமார் 45 கிலோமீட்டர். அதற்கு நீர் தரும் நிலம் சுமார் 500 சதுர கிலோமீட்டர். அதில் ஏறத்தாழ எழுபது ஊர்கள். இவற்றை மனத்தில் கொண்டால் அந்த 375-இன் பெருமை விளங்கும். ஒரே பெரிய அணை கட்டியிருந்தால் நீர் ஓரிடத்தில் நின்றிருக்கும், ஆறு பிறந்திராது.

அந்த ஆண்டுகளில் மழையும் நன்றாகப் பெய்தது; கரைகளால் மட்டுமே ஆறு வந்தது என்பது மிகை எனச் சொல்வோரும் உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் முன்னரும் நல்ல மழை பெய்த ஆண்டுகள் இருந்தனவே. அப்போது வந்த நீர் மண்ணை வாரிக்கொண்டு போயிற்றேயன்றித் தங்கவில்லை.

இதற்கிடையில் மற்றொரு போராட்டம். ஸரிஸ்கா வனப்பகுதி 1978 முதல் புலிக் காப்பகம். ஆயினும் அதனுள்ளும் அருகிலும் சலவைக்கல்லும் பிற கல்லும் வெட்டும் சுரங்கங்கள் பல இயங்கின. சில ஊர்களில் புதிதாய்க் கட்டிய ஜோஹட்டில் நீர் தங்கவில்லை. காரணம் தேடியபோது, அந்நீர் ஆழமான சுரங்கக் குழிகளுக்கு இறங்கிப் போவது தெரியவந்தது. தருண் பாரத் சங்கம் சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்றது. 1991-இல் கோர்ட்டு சுரங்க வேலையைத் தடுத்து ஆணையிட்டது. 1992 மே மாதத்தில் மத்திய அரசாங்கமும் அல்வர் மாவட்டத்தின் அராவலிப் பகுதிகளில் கட்டுப்பாடுகள் விதித்து அறிக்கை வெளியிட்டது. மண்வெட்டியோடு தொடங்கிய வேலை டில்லி நீதிமன்றத்தில் வந்து நின்றது.

ஆறு வந்தது; அதனோடு வழக்கும் வந்தது. நீர் ஓடினால் மீன் இருக்குமன்றோ? 1996-இல் மீன்வள இலாகா, அர்வரியில் மீன் பிடிக்கும் உரிமையை வெளியூர்க் குத்தகைதாரர் ஒருவருக்கு விட்டது. ஹமீர்பூர் முதலிய ஊரார் எதிர்த்து நின்றனர். அவர்களுள் பலர் மீன் உண்ணாதவர். மீனுக்காக அவர்கள் சண்டையிடவில்லை. பத்தாண்டு மண் சுமந்து கொணர்ந்த ஆற்றை, மணலாய்க் கிடந்தபோது எட்டிப் பார்க்காதவர் எப்படிக் குத்தகைக்கு விடலாம் என்பதே அவர்கள் கேள்வி. இறுதியில் குத்தகை ரத்தாயிற்று. ஆனால் அன்று அவர்களுக்கு ஓர் அச்சம் பிறந்தது. இன்று மீனுக்கு வந்தவர் நாளை நீருக்கு வருவர். அதுமட்டுமன்று, தலைமடைக்காரன் பெரிய எஞ்சின் வைத்து இறைத்தால் கடைமடைக்காரனுக்கு மீண்டும் மணலே மிஞ்சும். பகை வெளியே மட்டும் இல்லை.

ஆகவே 1999 ஜனவரி 26-ஆம் நாள், குடியரசு தினத்தன்று, ஹமீர்பூரில் ‘அர்வரி சன்சத்’ கூடிற்று. சன்சத் என்றால் பாராளுமன்றம். ஆற்றங்கரையின் எழுபது ஊர்களும் தம் கிராமசபை வழியே பிரதிநிதிகளை அனுப்பின. ஆண்டுக்கு இருமுறை கூடுவதென்று ஏற்பாடு. அது வகுத்த விதிகள் பதினொன்று. நீரை மிகுதியாய்க் குடிக்கும் கரும்பும் நெல்லும் மிளகாயும் பயிரிடலாகாது. ஹோலிப் பண்டிகைக்குப் பின் மழை வரும் வரை ஆற்றிலிருந்து நேரே நீர் இறைக்கலாகாது. பச்சை மரத்தை வெட்டலாகாது, வேட்டையாடலாகாது. வெளியூர் மந்தைகளைக் கட்டுப்படுத்துதல், சுரங்கத்தையும் நீரைக் கெடுக்கும் தொழிலையும் விலக்குதல், மேய்ச்சலுக்கு முறை வகுத்தல் ஆகியனவும் உண்டு. நெல் கூடாது என்று கேட்டால் நம் காவிரிக்கரைக்காரர் முகம் சுளிப்பர். ஆனால் தானே கொணர்ந்த நீரைத் தானே அளந்து உண்ணச் சம்மதித்த உழவனை எண்ணிப் பாருங்கள். கரை கட்டியதைவிட இதுவே அரிய செயல் என்பது என் துணிபு. கரை கட்டுவதில் லாபம் உண்டு; கரும்பை விடுவதில் நஷ்டமே உண்டு.

காட்டு விஷயத்திலும் அவ்வாறே. பாவ்தா, கோல்யாலா ஊரார் தம் மேலுள்ள மலைக்காட்டை 1998-இல் ‘பைரோன்தேவ் மக்கள் வனவிலங்கு அபயாரண்யம்’ என்று தாமே அறிவித்தனர். எந்தக் கெஜட்டிலும் அது வரவில்லை. மரம் வெட்டியவனுக்கு அபராதம். வெட்டக் கண்டும் சொல்லாதவனுக்கும் அபராதம். புதிதாய்க் கன்று நட்டதைவிட, மேய்ச்சலைத் தடுத்து வேரிலிருந்து தோக் மரம் தானே துளிர்க்க விட்டதே மிகுதி. வெட்டுண்ட அடித்தூரிலிருந்து எழும் இயல்பு அம்மரத்துக்கு உண்டு. விரைவில் பச்சை காட்ட வேண்டுமென்று சீமைக்கருவேலை விதைத்த இடங்களில் என்ன நேர்ந்தது என்பதை இராமநாதபுரம் பக்கத்து அன்பர்களைக் கேட்டால் கூறுவர். ஆவணி அவிட்டத்தை ஒட்டி வரும் ரக்ஷா பந்தனத்தில், அம்மலையூர்ப் பெண்கள் உடன்பிறந்தானுக்குக் கட்டும் கயிற்றை மரத்துக்கும் கட்டும் வழக்கம் ஏற்பட்டது.

2000-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் குடியரசுத் தலைவர் கே. ஆர். நாராயணன் ஹமீர்பூருக்கே வந்து, பாவ்தா–கோல்யாலா ஊராருக்கு விருது வழங்கினார். நோட்டீஸ் வந்த மண்ணில் ராஷ்டிரபதி வந்திறங்கியது சிறிய மாறுதலன்று. ராஜேந்திர சிங்குக்கு 2001-இல் மகசேசே விருதும், 2015-இல் ஸ்டாக்ஹோம் நீர் விருதும் கிடைத்தன. ரூபாரேல், சர்சா, பகானி, ஜஹாஜ்வாலி என்னும் பக்கத்து ஆறுகளும் இம்முறையால் உயிர்பெற்றன என்பர்.

எல்லாம் சுபமாக முடிந்ததென்று எழுத ஆசைதான், உண்மை இடந்தரவில்லை. 1999 முதல் ராஜஸ்தானில் தொடர்ந்து வந்த வறட்சி ஆண்டுகளில் ஆற்றின் ஓட்டம் மெலிந்தது. ஆயினும் கிணறுகள் கைவிடவில்லை. 2001-இல் ரூபாரேல் நீர்ப்பிடிப்பில் லாவா கா பாஸ் என்னும் ஊரில் கட்டிய கரையை நீர்ப்பாசன இலாகா சட்டவிரோதம் என்றது; கீழேயுள்ள பரத்பூர்ப் பக்கத்துக்கு நீர் குறையும் என்ற வாதமும் எழுந்தது. மேலே தடுத்தால் கீழே குறையுமா என்ற அவ்வினாவை வெறும் பகைமை என்று ஒதுக்குதல் நேர்மையன்று. 2004–05-இல் ஸரிஸ்காவில் புலியே இல்லை என்பது வெளிப்பட்டு நாடு தலைகுனிந்தது. களவு வேட்டை அவற்றைத் தின்றுவிட்டது. 2008-இல் ரண்தம்போரிலிருந்து ஹெலிகாப்டரில் புலிகளைக் கொணர்ந்து விட்டனர். இன்று அங்கே மீண்டும் புலி உண்டு.

அர்வரி சன்சத்தின் பதினொரு விதிகளுக்குச் சட்டத்தின் பலம் ஏதும் இல்லை. அபராதம் கட்ட மறுப்பவனை எந்தக் கோர்ட்டும் கேட்காது. ஹோலிக்குப் பின் எஞ்சினை நிறுத்தியவன், பக்கத்து நிலத்துக்காரனும் நிறுத்துவான் என்ற நம்பிக்கையில்தான் நிறுத்தினான்.

நேரில் காண விரும்பும் அன்பர்கட்கு ஒரு குறிப்பு. அல்வர் நிலையத்தில் இறங்கி, ஸரிஸ்கா வழியே ஜெய்ப்பூர் செல்லும் பழைய சாலையில் சென்றால் தானாகாஜி வரும். அங்கிருந்து உட்புறச் சாலைகளில் இவ்வூர்களை அடையலாம். மழை ஓய்ந்த புரட்டாசி, ஐப்பசியில் செல்வது நலம். பிறைக் கரைகளில் நீர் நிற்பதை அப்போதே காணலாம்.